மூடியில் அளந்த சி.சி.

போன வாரம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கத் தானா ராத்தா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தாதிப் பெண் ஊசிக்குழலைப் பிரித்தபோது சும்மா இருக்க முடியாமல், "எத்தன சி.சி. எடுக்கப்போறம்மா?" என்று கேட்டு வைத்தேன். "சி.சி.யா? இப்பல்லாம் எம்.எல். தான் அங்கிள்," என்று சிரித்தாள். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. இத்தனை வருடம் கழித்தும் அந்த வாசனைக்கு என் நெஞ்சு படபடக்கிறது. காரணத்தை உங்களிடம் சொல்வதில் என்ன இருக்கிறது!

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்றைக்குக் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றும் நான்கு லோரிகளில் என் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் லோரியைப் பார்த்துத்தான் எழுதுவேன், அது வேறு விஷயம். ஆனால் எழுபதுகளின் கடைசியில், ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சி.சி.யைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவன் கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரியின் ஊசியில் சி.சி., புத்தம் புதிதாக நான் வாங்கிய மோட்டார் சைக்கிள் எழுபது சி.சி. ஆபீஸ் கடிதத்தின் அடியில், நகல் போகும் பெயர்களுக்கு முன்னால் சி.சி. பூச்சி மருந்துப் போத்தலிலும் அதுவேதான். கடிதத்தில் இருப்பது வேறு ஜாதி என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒரு நாள் சொன்னார். நான் நம்பவில்லை. எனக்கு எல்லாம் ஒரே குடும்பம்.

மருந்தடிக்கும் கூட்டத்தை வேலை வாங்கும் மண்டோர் நான். எட்டுப் பெண்கள், முதுகில் எட்டு பம்புகள். ஒரு பம்புத் தண்ணீருக்கு முப்பது சி.சி. மருந்து. அதற்கென்று தோட்டம் கொடுத்த கண்ணாடிக் குவளை முதல் மாதமே என் கையில் உடைந்தது. ஆபீசில் சொல்லவில்லை. போத்தல் மூடி பத்து சி.சி. பிடித்தது, மூன்று மூடி ஊற்றினால் கணக்கு சரி. பிறகு குவளை எதற்கு? சாயங்காலம் சீட்டில் '30 சி.சி.' என்று என் கைப்பட எழுதிக் கொடுக்கும்போது என்னவோ நானே டாக்டர் மாதிரி இருக்கும்.

ஒரு நாள் புதுப் போத்தல்கள் வந்தன. மருந்து அதேதான், போத்தல் பெரிது. சிவப்பு மூடி, அதுவும் பெரிது. கண்ணில் படாமல் இல்லை, பட்டது. பனி விலகுவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்ற அவசரம். மூன்று மூடி ஊற்றினேன்.

அந்தக் கூட்டத்தில் அந்தோணியின் மனைவி மேரிக்குத்தான் வாய் நீளம். "மண்டோரே, இந்த பம்பு ஒழுகுது. முதுகெல்லாம் ஈரம். மாத்திக் குடுங்க," என்றாள்.

"ஒரு நாளு தாங்காதா? சும்மா பொலம்பாத லா."

"சரி லா. நான் செத்தா ஒங்க புது மோட்டார்லதான் தூக்கிட்டுப் போவணும், பாத்துக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பத்து மணி வாக்கில் மேரி தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்தாள். குளிரில் அப்படி வேர்த்த உடம்பை நான் பார்த்ததில்லை. வாயில் எச்சில் கோடாக வழிந்தது. கண்மணி கடுகளவு சுருங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். செய்தி கேட்டு அந்தோணியும் தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்தான். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸர் ஐயா அவளுக்கு ஊசி போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ ஊத்துன?"

"முப்பது சி.சி.ங்கய்யா. எப்பவும் போல."

"எதுல அளந்த?"

சட்டைப் பையிலிருந்து சிவப்பு மூடியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைக் கழுவி, தண்ணீர் நிறைத்து, ஐந்து சி.சி. ஊசிக்குழலால் உறிஞ்சினார். ஒன்று. இரண்டு. அத்தோடு மூடி வற்றியிருக்க வேண்டும். பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. மூன்று. நான்கு.

"மூடிக்கு இருபது. அப்ப அறுபதுடா."

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கூசுகிறது. "ஐயா, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புற சீட்டுல முப்பதுன்னே போடுங்கய்யா. வேல போயிரும்." அந்தோணி பக்கத்திலேயே நின்றான். என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். கட்டிலில் மேரியின் தொண்டை களகளவென்றது.

டிரஸர் ஐயா பேனாவை என்னிடம் நீட்டினார். "நீயே எழுது. அங்க இதப் பாத்துத்தான் வைத்தியம் பண்ணுவாங்க."

அறுபது என்று எழுதினேன். ஆறு கோணலாக விழுந்தது.

தோட்டத்து வேன் மலைக்குக் கீழே தாப்பாவுக்குப் போயிருந்தது. இருந்தது என் எழுபது சி.சி. மட்டும். மேரியை என் முதுகோடு சேர்த்துச் சாரோங்கால் கட்டினார்கள். அவளைப் பிடித்தபடி அந்தோணி பின்னால் உட்கார்ந்தான். தானா ராத்தா வரை ஏற்றம். மூன்று பேரோடு மோட்டார் இருமிக்கொண்டே ஏறியது. ஒரு செங்குத்தான வளைவில் நின்றே விடும் போலிருந்தபோது அந்தோணி குதித்து இறங்கினான். "நீ போ! நிக்காத, போ!" என்ற அவன் குரலும், ரோட்டில் ஓடி வந்த அவன் காலடிச் சத்தமும் கொஞ்ச தூரம்தான் கேட்டன.

பிறகு நானும் அவளும்தான். அவள் எச்சில் என் பிடரியை நனைத்தது. மூச்சு பட்டால் சூடு, படாவிட்டால் மலைக்காற்று. சூட்டுக்கும் சூட்டுக்கும் நடுவில் எண்ண ஆரம்பித்தேன். மூன்று, நான்கு, ஒரு முறை ஏழு. "மேரி, திட்டு! எதையாவது சொல்லித் திட்டு!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் முடிச்சை அவிழ்க்க என் விரல் வரவில்லை. அங்கிருந்த ஆள்தான் கத்தரித்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

பிழைத்துவிட்டாள். அவள் வீடு திரும்பிய அன்றுதான் எனக்கு ஆபீஸ் கடிதம் வந்தது. டிரஸர் ஐயா வாசித்துச் சொன்னார், வேலை இல்லை என்று. அடியில் சி.சி., அதற்கு எதிரே மூன்று பெயர்கள். கிராணி சொன்னது சரிதான், அது வேறு ஜாதி. ஆனால் மற்ற மூன்று சி.சி.யும் சேர்ந்துதான் இந்த நாலாவதை எனக்கு வாங்கிக் கொடுத்தன.

அதே மோட்டாரில் கோலா தெர்லாவுக்குப் போய், காய்கறிக் கூடை கட்டி, இவ்வளவு தூரம் வந்தேன். தானாக வளர்ந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். என் காய்கறித் தோட்டத்து மருந்துக் கொட்டகையில் அளவுக் குவளை ஒன்றுக்கு ஆறாகத் தொங்குகிறது. ஏன் ஆறு என்று யாருக்கும் சொன்னதில்லை.

சொல்லத் தேவையில்லாத ஆள் ஒருத்தி இருந்தாள். ரிங்லெட் தேநீர்க் கடையில் எத்தனை பெரிய மனிதர்களோடு நான் உட்கார்ந்திருந்தாலும், சீனியை அள்ளும் நேரம் பார்த்துப் பக்கத்து மேசையிலிருந்து குரல் வரும்: "எத்தன மூடி, மண்டோரே?" ஊருக்கு முதலாளியான என்னை அவள் மட்டும் சாகும்வரை மண்டோர் என்றுதான் கூப்பிட்டாள். "அளந்துதான் போடுறேன் மேரி," என்பேன். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான்.

முதலில் அவன் போனான், போன வருடம் அவளும் போய்விட்டாள். தோட்டத்தில் வரிசையாக நின்ற எங்கள் லயன் வீடுகள் இல்லை. டிரஸர் ஐயாவின் ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் புல் ஆளுயரம் நிற்கிறது. ஊசியில் சி.சி.யும் இல்லையாம். எனக்கோ சீனியே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தக் கடைக்குப் போனால் ஒரு கரண்டி அள்ளுகிறேன். கோப்பைக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை. திரும்ப டப்பாவிலேயே கொட்டிவிடுகிறேன்.