கிணறு வற்றும் சத்தமும் என் முதல் டிராக்கும்

சேலையூர் வீட்டு மோட்டர் சுவிட்சைப் போட்டதும் ஓடிவிடாது. முதலில் ஒரு செருமல்... அப்புறம் ஒரு உறுமல்... பிறகுதான் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். கோடையில் பத்தே நிமிஷத்தில் கிணறு வற்றிவிடும். உடனே உறுமல் மெல்ல ஏறி, காதைக் குடையும் கீச்சலாக மாறும்.

அந்தக் கீச்சல் கேட்டால் யார் என்ன வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓட வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சுவிட்சை அணைக்காவிட்டால் மோட்டர் புகைந்துவிடும். கீழே ஹவுஸ் ஓனர், மாடியில் நாங்கள். அந்த வீட்டின் முதல் சட்டம் இது.

நான் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். பிராட்பேண்ட் வந்த புதிது. நண்பர்கள் எல்லாம் சினிமாப் பாட்டு டவுன்லோட் செய்துகொண்டிருக்க, நான் வழிதவறி நெட்டில் ஒரு ஃபோரத்தில் போய் விழுந்தேன். ஃபிரிட்ஜ் முனகுவதை அரைமணி நேரம் ஓடவிட்டு, அதை இசை என்று சொல்லும் கூட்டம். முதல் நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் எனக்கும் பிடித்துப்போனது.

இலவசமாக ஒரு சாஃப்ட்வேர் கொடுத்தார்கள். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் மாதிரி கோடு இழுத்தால் எந்தச் சத்தத்தையும் நறுக்கலாம், நீட்டலாம், திருப்பிப் போடலாம். மாதாமாதம் பத்து டிராக் பொறுக்கி ஒரு ஆல்பமாக நெட்டில் ஏற்றுவார்கள். அந்தப் பத்தில் ஒன்று தாம்பரம் பக்கத்திலிருந்து போகவேண்டும் என்று எனக்கு வெறி.

இந்த மாதிரி இசைக்கு வேண்டிய சின்தசைசர் கீபோர்டுக்கு எங்கே போவது... மோட்டர் இருந்தது. ஹெட்செட் மைக்கை அம்மாவின் ரப்பர்பேண்டால் ஜன்னல் கம்பியில் கட்டி ரெகார்ட் செய்தேன். அந்தக் கீச்சலை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவைத்து ஸ்பீக்கரில் கேட்டேன். புல்லரித்துவிட்டது.

ஓனருக்கும் புல்லரித்திருக்கிறது. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து, லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். சாம்பார் கரண்டியோடு அம்மாவும் இறங்கிவிட்டாள். சுவிட்ச் ஆஃபில்தான் இருக்கிறது. ஆனால் மோட்டர் ஓடுகிறது.

ஒரே வாரத்தில் இப்படி மூன்று முறை.

"எனக்கு பிபி இருக்கு தம்பி. இன்னொரு வாட்டி என்னை ஓட வெச்சே, வேற வீடு பாத்துக்கோங்க" என்றார் ஓனர்.

"வீடு போச்சுன்னா அந்தப் பொட்டிய தூக்கிட்டுப் போய் தெருவுல பாட்டு போடு" என்றாள் அம்மா.

இனி ஹெட்ஃபோன்தான் என்று சத்தியம் செய்தேன். காப்பாற்றவும் செய்தேன். ஆனால் யார் நம்பினார்கள்...

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன். கீச்சல் கேட்டது. அம்மாவே என் டிராக்கைப் போட்டுக் கேட்கிறாள் போல என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அடுப்படியில் அம்மா, "ஆரம்பிச்சிட்டான்" என்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

ஓனர் படியேறி வந்து கதவைத் தட்டினார். "மொதல்ல அந்த கம்ப்யூட்டர நிறுத்து. அடுத்த மாசமே காலி பண்ணுங்க."

சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு வந்தேன். மூன்று பேரும் கம்ப்யூட்டரைப் பார்த்தோம். திரை கறுப்பு. பிளக்கே மாட்டவில்லை.

கீச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்று, கருகல் வாசனை வந்தது.

"மோட்டர் யாரு சார் போட்டது?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

ஓனர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "செடிக்கு தண்ணி விடலாம்னு..." என்று இழுத்தார்.

காலி செய்கிற பேச்சு அதோடு போயிற்று. கருகிய மோட்டர் புதுக் காயில் கட்ட மெக்கானிக்கிடம் போயிருந்த மூன்று நாளும் அவரும் நானும் தெருமுனை அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்தோம். மூன்றாம் நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அப்படி என்னதான் பண்ணி வெச்சிருக்க, போடு கேப்போம்" என்றார்.

கண்ணை மூடி ஐந்து நிமிஷமும் கேட்டார். "எல்லாம் சரி தம்பி. ரொம்ப ஓட விட்டுட்ட. ரெண்டாவது நிமிஷத்துலயே ஆஃப் பண்ணியிருக்கணும்."

அவர் சொன்ன இடத்தில் வெட்டி அனுப்பினேன். தேர்வாகிவிட்டது. எந்த சின்தசைசர் என்று பின்லாந்துக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு எச்பி மோட்டர் என்று பதில் போட்டேன்.

காயில் கட்டி வந்த மோட்டர் அதற்குப்பிறகு அந்தக் குரலில் பாடவேயில்லை.

இப்போது நாவலூரில் ஒன்பதாவது மாடி. தண்ணீர் எப்போது ஏறுகிறது, எப்போது நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் சென்சார் பார்த்துக்கொள்கிறது. அந்த ஓனரும் இப்போது இல்லை. புது இசை வேண்டுமென்றால் வழிதவற வேண்டியதுமில்லை, போனே கொண்டுவந்து கொடுக்கிறது. எதுவும் மனதில் நிற்பதில்லை.

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்கில் அந்த டிராக் கிடைத்தது. போட்டேன். ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, முட்டிவலியை மறந்து விருட்டென்று எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். லிஃப்ட் முன்னால் நின்று சுவரில் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"போய் ஆஃப் பண்ணுடா, அவர் ஓடி வந்துடப் போறாரு."

நான் உடனே ஆஃப் செய்யவில்லை. முழுவதும் ஓடி முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.