பச்சை பெயிண்ட் அடித்த கார்

தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஓடித் தேய்ந்த காரை வாங்கிய என் தங்கை கணவர், அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்தார். ஜன்னல்களுக்குத் திரை தைத்தார். பிரேக் லைனிங்கை மாற்றச் சொன்னேன். வெளியே தெரியாத பொருளுக்குச் செலவு செய்வது அவருக்கு வழக்கமில்லை.

தங்கையின் குழந்தைக்கு முடியிறக்கக் கொடைக்கானலிலிருந்து பழனிக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்தார்.

“என்ன மாப்ளே இது?”

“எறக்கந்தானே மச்சான், வண்டி தானா உருளும். பெட்ரோலை எதுக்கு வீணா எரிக்கணும்?”

எஞ்சின் பிடித்து நிறுத்தாத வண்டியைத் தேய்ந்த பிரேக் எவ்வளவு தூரம் தாங்கும்? பெருமாள்மலைக்கு முன்பே சக்கரம் புகைந்தது. மண்மேட்டில் மோதித்தான் நின்றோம். அழுத குழந்தையோடு தங்கையைப் பஸ்ஸில் ஏற்றினேன். மாப்பிள்ளை கைக்குட்டையால் பெயிண்டில் விழுந்த கீறலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.