ஜோங்ரியில் மயங்கி விழுந்தவள்

இந்தியாவின் மிக உயரமான மலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது முதலில் என் கணவரின் ஆசை. நான் பிறந்தது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை ஊர். அவருக்குத் திருச்சி. கல்யாணமாகிக் கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த பிறகு, லீவு கிடைத்தால் ஏற்காடு, கொல்லிமலை, குடகு என்று நடக்கப் போவோம். நாற்பதைத் தாண்டியதும் அவர் சொன்னார், இனிமேல் சின்ன மலையெல்லாம் வேண்டாம், சிக்கிமுக்குப் போய்க் கஞ்சன்ஜங்காவைப் பார்ப்போம் என்று. அதன் உச்சிக்கு எங்களைப் போன்றவர்கள் ஏற முடியாது. ஆனால் நடந்தே போய் அதன் முன்னால் நிற்கிற தூரம் வரை வழி இருக்கிறது.

அதற்காக ஆறேழு மாதம் உடம்பைத் தயார் செய்தோம். சனிக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் படிக்கட்டு, ஞாயிறு காலையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரை மணலில் நடை. முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று பாடம் நடத்திப் பழகிய கால்கள் எனக்கு. அவர் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். படிக்கட்டில் நான் முன்னால் போய்விடுவேன். நான் மேலே போய் நின்றால் அவர் முகம் கடுகடுக்கும் என்று தெரிந்த பிறகு, பாதியில் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நின்று, அவர் வந்ததும் சேர்ந்து ஏறுவேன். அதைப் பெரிய விஷயமாக நான் நினைக்கவில்லை. எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு படியில் யாரோ குனிந்துகொண்டுதான் நிற்கிறார்கள்.

அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த மகளை என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். எங்களோடு நடந்தவர்கள் புனே, கல்கத்தா பக்கத்து ஆட்கள், முன்பின் தெரியாதவர்கள். முதல் இரண்டு நாள் காட்டுவழி. மூன்றாம் நாள் மத்தியானம் ஜோங்ரி என்ற முகாமுக்கு ஏறினோம். மரமே இல்லாத வெட்டவெளி, நாலு பக்கமும் மேகம். மறுநாள் விடியற்காலையில் பக்கத்து மேட்டில் ஏறினால் கஞ்சன்ஜங்கா முழுசாகத் தெரியும் என்று வழிகாட்டி சொன்னார்.

என் கணவர் காலையிலிருந்தே தலைவலி என்று சொல்லிக்கொண்டு வந்தார். கூடாரத்தில் உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தார். ஷூவின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். விரல்கள் கயிற்றைத் தேடிக்கொண்டே இருந்தன, பிடிக்கவில்லை. எழுந்து நின்றபோது குடித்தவர் மாதிரி சாய்ந்தார். வழிகாட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது உயரத்தால் வருகிற கோளாறு, இருட்டுவதற்கு முன்னால் கீழே இறக்கியாக வேண்டும் என்றார். தன் உதவியாளர் கூட்டிக்கொண்டு போவார், இறங்கினாலே சரியாகிவிடும், நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள், நீங்கள் மேலே வரலாம் என்று என்னிடம் இந்தியில் சொன்னார்.

என் கணவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை விட்டுட்டுப் போயிடாத. அந்த ஆளுக்கு நான் பேசறதே புரியாது."

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. உதவியாளர் எங்கள் பைகளோடு முன்னால் நடக்க, கணவரின் கையை என் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஈரமான வேர்கள் மேல் கால் வழுக்கும் பாதை. வளைவுக்கு வளைவு உட்கார்ந்துவிடுவார், தூக்கி நிறுத்துவேன். கீழ் முகாமில் ஒரு மரக்குடிசையில் சூப்பை ஸ்பூனில் ஊட்டினேன். காலையில் அவர் தெளிந்து எழுந்தார். இரண்டு தட்டு சாப்பிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ இல்லன்னா நேத்தோட முடிஞ்சிருக்கும்" என்றார். மலையைப் பார்க்காததே எனக்கு மறந்துபோயிற்று.

ஊர் திரும்பிய வாரம் மகளைக் கூட்டிவரச் செங்கல்பட்டுக்குப் போனோம். அண்ணன் அங்கே வாடகை வேன் ஓட்டுகிறார். வாசலிலேயே நிறுத்தி என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னாமா, மலைமேல மயங்கி வுயுந்துட்டியாமே? மாப்ள தான் உன்ன கைத்தாங்கலா இட்டுக்கினு வந்தாராமே. போன்ல சொன்னாரு. இப்ப ஒடம்பு எப்டி கீது?"

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வண்டியிலிருந்து பழக்கூடையை எடுத்துக்கொண்டிருந்தார், நிதானமாக. அண்ணி ஓடிவந்து எனக்கு நாற்காலி போட்டாள். இப்போ பரவாயில்லை என்று சொன்னேன். அவரை அண்ணன் வீட்டு வாசலில் வைத்து அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

திரும்பும் வழியில், மகள் பின் சீட்டில் தூங்கியபிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஆம்பள வாந்தி எடுத்துட்டுத் திரும்பி வந்தான்னா காலத்துக்கும் சிரிப்பானுங்க. பொம்பளைக்கு முடியலன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உனக்கு இதுல என்ன நஷ்டம்?"



பேச்சுக்குச் சொன்னது பேச்சோடு நிற்கவில்லை. கிரகப்பிரவேசம், பிறந்தநாள், எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதை வரும். என் எதிரிலேயே சொல்வார். ஷூக் கயிற்றை அவிழ்க்க முடியாமல் நான் தவித்தேனாம். என் விரல்கள் எப்படித் தேடின என்று நடித்துக் காட்டுவார். ஸ்பூனில் சூப் ஊட்டினாராம். அவர் அழுததை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை, அதைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டார். கேட்கிற பெண்கள் என்னைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்பார்கள்.

அடுத்த வருஷம் எங்கள் குடியிருப்பில் நடைப்பயணம் போகிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து அதே பாதைக்குக் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்று கிளப் ஹாலில் நடந்த கூட்டத்தில் சொன்னேன். ஏற்பாடு செய்தவர் தன்மையான மனிதர். "வேணாம் சிஸ்டர். போன தடவை உங்களுக்கு ஆனது தெரிஞ்சும் நான் கூட்டிட்டுப் போனா தப்பாயிடும்" என்றார்.

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். "எனக்கு ஒண்ணும் ஆகல. முடியாமப் போனது இவருக்கு. நான்தான் இறக்கிக் கூட்டிட்டு வந்தேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார், ஒரு குழந்தையின் அடத்தைப் பொறுத்துக்கொள்கிறவர் மாதிரி.

"சரி, எனக்குத்தான்னே வெச்சுக்கலாம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனுஷன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அது அவருடைய பெருந்தன்மைக்கு இன்னொரு உதாரணமாகச் சேர்ந்துகொண்டது.

அவர் போனார். டாக்டரிடம் முன்கூட்டியே மாத்திரை வாங்கிக்கொண்டு, வழியில் ஒருநாள் கூடுதலாகத் தங்கி, மெதுவாக ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். மலை பொன்னாக எரிந்தது என்றார். அங்கே நின்றபோது என்னை நினைத்துக்கொண்டாராம். என்னவென்று நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

தனியாகப் போயிருக்கலாமே என்று பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி கேட்டாள். போயிருக்கலாம். ஆனால் அந்த மலையை நினைத்தாலே எனக்கு முதலில் அந்த ஹாலின் சிரிப்புத்தான் கேட்கிறது.

இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் போன வருஷம் மகள் கல்லூரியில் இமாசலத்துக்கு நடைப்பயணம் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். கூடப் படிக்கிற பெண்கள் எல்லோரும் போகிறார்கள். மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு உன் உடம்பும்மா. மேல ஏறுனா ஒத்துக்காது. அப்பா சின்ன வயசுலேர்ந்தே சொல்லிட்டிருக்காரே."

அவளை உட்காரவைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "அப்பா எதுக்கும்மா பொய் சொல்லணும்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, என் நினைவு எங்கேயோ பிசகியிருக்கிறது என்ற கவலையோடு கேட்டாள்.

அவரிடம் போனேன். எனக்காக வேண்டாம், ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம், இவளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள் என்றேன். டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"போகாம இருந்தா நல்லதுதான விடு. மலையில ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்றார்.

கல்லூரிப் பெண்கள் போய்விட்டு வந்தார்கள். அவர்கள் அனுப்பிய படங்களை மகள் சோபாவில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படத்திலும் எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவர் அவளுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாமே சரியான தகவல்கள்.