பூதத்துக்குக் குணம் பார்க்கிறவன் பாடு

ஆட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்லிவிடலாம். பூதத்துக்கு எதைப் பிடித்துப் பார்த்துக் குணம் சொல்வது? பகடை மேசையில் கதை நடத்துகிற உங்களில் யாருக்காவது இந்தத் தலைவலி வந்ததில்லை என்றால், அவர் இதைப் படிக்க வேண்டாம், நிம்மதியாகத் தூங்கட்டும்.

நான் அருப்புக்கோட்டையில் ஆட்டு வியாபாரி. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. மிச்சத்தைச் சந்தை அடித்துச் சொல்லிக்கொடுத்தது. கொரோனா அடைப்பில் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்ட பெங்களூர் மச்சான் இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டுப் போனார். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு வேடம் எடுப்பார்கள், வீரன், மந்திரக்காரி என்று. எதிரே வருகிற பூதம் பிசாசுக்கெல்லாம் நான்தான் வாய். சண்டை வந்தால் பகடை முடிவு சொல்லும். மச்சான் விட்டுப்போனது இங்கிலீஷ் தடிப் புத்தகம். ஒவ்வொரு ஜந்துவின் படத்துக்குக் கீழேயும் 'நல்லது', 'கெட்டது' என்று அவர் தமிழில் எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு வரிதான் என்னைப் படுத்திய பாடு.

என் கோபத்தால் ஏற்கெனவே இரண்டு மேசைகள் கலைந்துபோயின; ஆட்டம் நடக்கிற நாளில் பிரஷர் மாத்திரையும் ஒன்று கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. ஞாயிறுதோறும் கூடுகிற மூன்றாவதுக்கு மூன்றே பேர்: மினிபஸ் கண்டக்டர் முருகேசன், தறிக்காரர் வெங்கடேசண்ணன், மில்லுக்குப் போகிற செல்வி. இவர்களும் போய்விட்டால் ஊரில் எனக்கு வேறு ஆள் கிடையாது.

துண்டுக்குள் நாலு விரல்

பாலத்தில் வழிமறிக்கிற பூதம். 'கெட்டது, ஆளைத் தின்னும்' என்று எழுதியிருந்தது. சண்டைக்குப் பகடை உருட்டச் சொன்னேன். முருகேசன் உருட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை என் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தான். அடுத்தவன் கண்ணுக்குத் தெரியாமல் சந்தையில் நாங்கள் விலை பேசுகிற முறை அது. பாலம் தாண்ட இரண்டு ஆடு தருகிறானாம். இருபது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? நான் ஐந்து விரலை அமுக்கினேன். அவன் மூன்றுக்கு வந்தான், நான் முறைத்தேன், நாலில் முடிந்தது. பூதம் ஒதுங்கி வழிவிட்டது.

ஆளைத் தின்கிற ஜந்துவை ஆட்டோடு அனுப்பிவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. இது செல்லாது, மறுபடி ஆடுவோம் என்று கத்தினேன். வெங்கடேசண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கெட்டதுங்கிறீக, பேசுன பேச்சுக்குக் கட்டுப்பட்டு நிக்குது. நம்ம சந்தையில அப்படி ஒரு ஆளைக் காட்டுங்க பாப்போம்."

கொப்புளம்

அடுத்து வந்தது பறக்கிற பெரிய நாகம். 'நல்லது' என்று போட்டிருந்தது. மூன்று பேரையும் முதுகில் ஏற்றி மலை தாண்டி விடுகிறேன் என்று நாகத்தின் குரலில் சொன்னேன். வெங்கடேசண்ணன் ஏறமாட்டேன் என்றார். சூடத்தில் அடித்துச் சத்தியம் பண்ணட்டும் என்றார். நல்ல நாகம்தானய்யா, எழுத்திலேயே இருக்கிறதே என்றேன். கேட்கவில்லை. சாமி படத்தடியில் இருந்த சூடத்தை எடுத்துத் தட்டில் வைத்துக் கொளுத்தியே விட்டார்.

நாகத்துக்கு நான்தானே கை? எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். ஒரு வாரம் அந்தக் கையால் ஆட்டுக் கயிறு பிடிக்க முடியவில்லை. மருந்து போட்டுவிட்டபடி அவர் சொன்னது: "கெட்டவன்கிட்ட நாமளே சூதானமா இருந்துக்கிருவோம். நல்லவருன்னு பேரெடுத்தவுககிட்டத்தான் சத்தியம் வாங்கணும்."

ஏழு குட்டிகள்

இனி சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஊர் மணியைத் திருடிய குறளி என்கிற குட்டிப் பிசாசுக் கூட்டத்தை மூவரும் விரட்டிப்போய் வென்றார்கள். குகைக்குள் பார்த்தால் ஏழு குறளிக் குட்டிகள், சுவரோடு ஒட்டிக்கொண்டு. வளர்ந்தால் இதுகளும் திருடும், இப்போதே முடித்துவிடலாம் என்றான் முருகேசன். செல்வி குறுக்கே நின்றாள். குட்டிகள் என்ன செய்தன என்று கேட்டாள்.

என்ன செய்தால் என்ன, 'பிறவியிலேயே கெட்டது' என்று போட்டிருக்கிறது என்றேன். அவள் மறுபடி கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. புத்தகத்தை மேசையில் ஓங்கி அடித்து, படிக்கத் தெரியாதா உனக்கு என்று கத்திவிட்டேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. பையை எடுத்து ஜிப்பை மூடினாள். "டவுனுல வீடு தேடி அலைஞ்சேண்ணே. எங்க தெருப் பேரக் கேட்டதும் நாலு வீட்டுக்காரவுக இல்லேன்னுட்டாக. அவுககிட்டயும் இப்படி ஒரு புத்தகம் இருக்கும் போல."

மில் வாசல்

இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. மற்ற இருவரும் வந்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். மூன்றாவது மேசையும் முடிந்தது என்றே நினைத்தேன். வியாழக்கிழமை ஷிப்டு விடுகிற நேரம் மில் வாசலில் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை அவளைக் கண்டதும் மறந்துபோனது. குறளிக் குட்டிகள் ரெண்டு வாரமாகப் பட்டினி கிடக்கின்றன என்று உளறினேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த வரி இன்னும் இருக்கிறதா என்றாள். அந்தப் பக்கத்தில் அடித்துவிடுகிறேன் என்றேன். எல்லாப் பக்கத்திலும் என்றாள். 'நல்லது' என்று போட்டதை மட்டும் விட்டுவைக்கிறேனே என்று பேரம் பேசிப் பார்த்தேன். படியில் ஏறியபடி திரும்பிச் சொன்னாள்: "அதையும் அடிச்சுட்டுச் சொல்லுங்கண்ணே, வாரேன்."

குகை வாசல்

மூன்றாவது ஞாயிறு வந்தாள். உட்காருவதற்கு முன்னால் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாம் நீல மையில் அடித்திருந்தது. பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குட்டிகளை வெளியே வரச் சொன்னாள். இனி எட்டிப் பார்க்க எனக்கு ஒரு வரியும் இல்லை. ஒவ்வொரு குட்டிக்கும் ஒருமுறை பகடையை உருட்டினேன். ஆறு குட்டிகள் வந்து பேசாமல் நின்றன. ஏழாவதுக்கு மோசமான எண் விழுந்தது. அது முருகேசனின் வீரனுடைய கணுக்காலைக் கவ்விவிட்டது. செத்தோம், இவன் ஏழு குட்டியையும் வெட்டப்போகிறான் என்று செல்வியைப் பார்த்தேன். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முருகேசன் கத்தியை எடுக்கவில்லை. ஏதோ நிஜமாகவே கடிபட்டவன்போலக் குனிந்து தன் காலைத் தேய்த்துவிட்டுச் சொன்னான்: "கடிச்சது இந்த ஒண்ணுதாண்ணே. இதுகிட்ட நான் பேசிக்கிறேன், மத்த ஆறையும் செல்வி கூட்டிட்டுப் போகட்டும்."

எது நல்லது, எது கெட்டது என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிற வேலை தலையைவிட்டு இறங்கியதில், நம்பினால் நம்புங்கள், எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிரஷர் மாத்திரை ஒன்று மிச்சம்.