அவனுக்கு ஆகாத ஊசி

பெரியப்பா மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் பாலிடெக்னிக் முடித்தான். நான் எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அத்தை மகளை அவனுக்குத்தான் பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் அவள் முறைதான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும்போது அவன் ஓட்டிய மொபெட் வாழைத் தோட்டத்துக்குள் சரிந்தது. பின்னால் இருந்த எனக்குக் கீறல்கூட இல்லை. அவன் கெண்டைக்காலில் வேலிக்கம்பி ஏறி, அந்தக் காலோடு கோழி எருக் குவியலில் விழுந்தான். மூன்றாம் வாரம் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். துணைக்கு நான்.

ஊசி மாற்றி ஊசி போட்டும் சீழ் நிற்கவில்லை. அதைச் சோதித்த டாக்டரம்மா, பின்னால் ஒரு கூட்டம் மாணவர்களோடு கட்டிலுக்கே வந்துவிட்டார். என்டரோகாக்கஸ் என்று ஒரு கிருமிக் குடும்பமாம். அதில் இது மனுசரிடம் அபூர்வமாக வரும் வகை, கோழிக் குடலில் அதிகம் என்றார். மற்றதில் பெரும்பாலானவை அசையாமல் கிடக்கும், இது நீந்துமாம். மாணவர்கள் விழுந்து விழுந்து எழுதினார்கள். சின்ன வயதில் எனக்கு உடம்பெல்லாம் சிரங்கு வந்தபோது எட்டிப் பார்க்க நாதியில்லை. இவனுக்கு வந்த கிருமிக்குக்கூட மவுசு.

சென்னையிலிருந்து வான்கோமைசின் ஊசி வரவழைக்கப் பெரியப்பா தயாராக இருந்தார். அதற்கு இந்த வகை பிறவியிலேயே மசியாது என்றார் டாக்டரம்மா. பென்சிலின் வகையில் உள்ள பழைய ஆம்பிசிலினுக்குத்தான் அடங்கும்.

"எம்புள்ளைக்குப் பென்சிலின் ஆகாது டாக்டரம்மா. அவன் தேகம் அப்படி" என்றாள் பெரியம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. நம்பிப் போட வேறு மருந்து இல்லை. சீழ் எலும்பில் இறங்கினால் காலை எடுக்க வேண்டிவரும். மறுநாள் பெரிய டாக்டர் வந்து முடிவு சொல்வார்.

அவனுக்குப் பென்சிலின் ஏன் ஆகாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நாலாம் வகுப்பில் அவனுக்குப் புதுச் சட்டை, எனக்கு அவனுடைய பழசு. அன்று காய்ச்சலுக்கு அவனுக்குப் பென்சிலின் போட்டார்கள். நான் அந்தப் புதுச் சட்டையின் உள்பக்கம், பட்டாலே அரிக்கிற செந்தட்டி இலையைத் தேய்த்து வைத்தேன். போட்டதும் முதுகும் நெஞ்சும் தடித்துச் சொறிந்து அலறினான். கம்பவுண்டர் பயந்துபோய்ச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பெரியம்மா முதலில் சொல்வது அதைத்தான்.

சொன்னால் அவன் எழுந்து போய் அத்தை மகளைக் கட்டுவான். சொல்லாவிட்டால், ஒற்றைக்கால் மாப்பிள்ளைக்கு அத்தை பெண் தருவாளா? அந்த நினைப்போடு ஒரு பகல் முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அத்தை மகள் கேரியரில் ஆட்டுக்கால் சூப்போடு வந்தாள். எல்லாம் அவனுக்கு. அவன் என்னைப் பார்த்து, "ஏலே, அந்தக் கால் பெருவிரலப் பைய சொறிஞ்சு விடுலே. நாளைக்கு இருக்கோ என்னமோ" என்று சிரித்தான்.

சொறிந்தேன். இரண்டு தடவைக்கு மேல் கை ஓடவில்லை. எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்து, எல்லார் முன்னாலும் செந்தட்டிக் கதையைச் சொன்னேன். பெரியம்மா கையிலிருந்த விசிறியாலேயே என் முதுகில் போட்டாள். டாக்டரம்மா மட்டும் அதட்டாமல், அன்று மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா, அரிப்பு எப்போது வந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். சட்டையைப் போட்ட பிறகுதான், அதுவும் சட்டை பட்ட இடத்தில் மட்டும்தான் என்றேன்.

அவன் முன்கையில் துளி மருந்தை ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடிக்கக் கூடாது என்று வேண்டினேன். கொஞ்சமாவது தடித்தால் என்ன என்றும் ஒரு ஓரத்தில் ஓடியது. தடிக்கவில்லை.

"பன்னெண்டு வருசமா அந்த ஊசி பேரக் கேட்டாலே நடுங்குதேன். நீயாலே அது?" என்றான் அவன்.

"சட்டை நல்லா இருந்துச்சுலே" என்றேன்.

அத்தை மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் சொன்ன ஒன்றுக்கு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்துவிட்டு, சூப்பை ஊற்றி அவனிடம் கொடுத்தாள்.