பெரிய ஹோட்டலில் சாரன் விற்ற கதை

சாமானைப் புகழ்ந்து புகழ்ந்தே ஒரு பெரிய ஓடரைக் கெடுக்கப் பார்த்தவன் நான். இன்று துணிக் கட்டோடு ஊர் ஊராகப் போகிற தம்பிமார் என்னிடம் வியாபார நுணுக்கம் கேட்டு வருகிறார்கள். நுணுக்கமாவது மண்ணாவது! எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐம்பதுகளில் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் தலைகால் புரியாமல் கிடந்தபோது தெரிந்துகொண்டதுதான். அதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அப்போது மருதமுனையில் உதுமான் ஹாஜியாரிடம் விற்பனைக்காரனாக இருந்தேன். அவருடைய தறிகளில் நெய்த, ஆண்கள் இடுப்பில் கட்டுகிற சாரன்களைக் கல்முனை, பொத்துவில், மட்டக்களப்பு என்று கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டி ஓடர் எடுப்பது என் வேலை. அந்த வருஷம் மில் துணி மலிந்துபோய், கடைக்காரர்கள் எங்கள் கட்டை அவிழ்க்கவே விடவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் கொழும்புக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து தந்தி வந்தது. வெளிநாட்டுப் படக் கம்பனி ஒன்று வந்து இறங்கியிருக்கிறது, கடற்கரைக் கிராமத்துக் கதை, மீனவர் கட்டுகிற சாரன் நூற்றைம்பது வேண்டும், அவர்கள் தங்கியிருக்கிற ஹோட்டலுக்கு மாதிரியோடு ஆளை அனுப்பவும்.

ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். "மகன் மீராலெவ்வை, இந்த ஓடர் வந்தா பெருநாள் வரைக்கும் தறி ஓடும். வராட்டி வாற கிழமை எல்லாத் தறியையும் நிப்பாட்டத்தான் வேணும். வெள்ளைக்காரன்ட கண்ணுக்கு முன்னால ஊர்ட மானம் போகப்படாது. ஆகத் திறமானதாப் பாத்துக் கட்டு."

நானும் அப்படியே கட்டினேன். நெருக்கமான நெசவு, கெட்டிச் சாயம், கஞ்சி போட்டு மடித்த மடிப்பு. அத்தனை தறிக்காரர்களின் பெருநாளும் என் தலையில் இருந்த அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது.

முன்வாசலும் பின்வாசலும்

மட்டக்களப்பில் ரயில் ஏறி விடியக் கொழும்பு போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் நான் கொழும்பைக் கண்டதில்லை. ஹோட்டல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. வாசலில் தலைப்பாகையும் மார்பில் பதக்கங்களுமாக ஒரு மீசைக்காரர். இவர்தான் முதலாளியாக்கும் என்று நினைத்து, இரண்டு கையையும் நீட்டி ஸலாம் சொன்னேன். அவர் என் தலைச்சுமையைப் பார்த்தார், கட்டிடத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். கதவு திறந்துவிடுகிறவர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

பின்வாசலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட வெயிட்டர் ஒருவர் கை கழுவிக்கொண்டு நின்றார்.

"எந்த ஊர் தம்பி?"

"மருதமுனை."

"அட, நான் திருக்கோவில்! பேர் கந்தையா. நம்மட பக்கத்து ஆள் ஒருத்தன் இஞ்ச வாறத இண்டைக்குத்தான் காணுறன். வா, வா."

நல்ல மனிசன். அவர்தான் என்னைப் படக் கம்பனியின் உடுப்புகளுக்குப் பொறுப்பான பெண்ணிடம் கூட்டிப்போனார். நெட்டையான வெள்ளைக்காரி, கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசிகள். அவளுடைய பெயர் என் நாக்கில் ஏறவில்லை. கொழும்பில் துரைசானிகளை நோனா என்பார்கள்; உடுப்பு நோனா என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். அன்று அவளுக்கு நேரமில்லையாம். சாரன் விஷயம் முடியும்வரை நான் போகக்கூடாது, கம்பனிக் கணக்கில் ஒரு அறை கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பின்வாசலால் வந்தவன் முன் மாடிப்படியால் ஏறினேன்.

அந்த மாடிப்படி நெடுகிலும் அங்கே தங்கிப்போன நடிகர் நடிகைகளின் படங்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள் கையெழுத்தோடு தொங்கின. ஆக மேலே தொங்கிய நடிகை இந்தப் படத்திலும் நடிக்கிறாள், இதே மாடியில்தான் தங்கியிருக்கிறாள் என்று கந்தையா அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவள் இறங்கி வந்தால் கீழே பாண்டு வாத்தியக்காரர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்ப்பார்களாம். நான் பார்க்கவில்லை. தோள் தெரிய உடுத்த பெண்கள் அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். இரண்டு தரம் தூணில் முட்டிக்கொண்டேன்.

அறையில் கட்டில் மெத்தை ஆளை உள்ளே இழுத்தது. சால்வையை விரித்து நிலத்தில் படுத்தேன். சாப்பாட்டு மண்டபத்தில் எதில் என்ன கலந்திருக்கிறதோ என்று பயம். பாண் ரொட்டியும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் போதும் என்றேன். கந்தையா அண்ணன் அதையும் வெள்ளி மூடி போட்டுத்தான் கொண்டுவந்தார்.

ஆகப் பெரிய கூத்து தொழுகையில் நடந்தது. எங்கள் கரையில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் கிப்லா, மக்கா இருக்கிற மேற்குத் திசை. பிறந்த நாளிலிருந்து அப்படி நின்று பழகியவன், இங்கேயும் ஜன்னலால் கடலைப் பார்த்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி, மதியத் தொழுகை லுஹரும் பின்னேரத் தொழுகை அஸரும் தொழுதேன். பொழுது சாய ஜன்னல் பக்கம் திரும்பினால், சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது! கடலிலிருந்து சூரியன் எழும்பித்தான் நான் கண்டிருக்கிறேன்.  மேற்கே பார்க்கிறேன் என்று நினைத்துக் கிழக்கே பார்த்துத் தொழுதிருக்கிறேன். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு, திரும்பி நின்று எல்லாவற்றையும் மறுபடி தொழுதேன்.

சாயம் போகாது

மறுநாள் உடுப்பு நோனா கூப்பிட்டாள். கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக விரித்தேன். தொட்டாள், முகர்ந்தாள், தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிற ஆட்டம். தரம் போதவில்லை போலும் என்று அடியில் வைத்திருந்த பட்டுக்கரைச் சாரனை எடுத்து விரித்தேன். இன்னும் பலமாக ஆட்டினாள்.

"என்ன அண்ணன் சொல்றா?"

கந்தையா அண்ணனின் இங்கிலீஷ் சாப்பாட்டு மேசை இங்கிலீஷ். சூப்புக்கும் புடிங்குக்கும் அது போதும். அவர் நெற்றியைச் சுருக்கினார். "பழசு, பழசு எண்டுதான் கதைக்கிறா. எனக்கும் சரியா விளங்கல்ல தம்பி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பழசா? போன கிழமை தறியில இருந்து இறக்கினது! நல்லாப் பாக்கச் சொல்லுங்க. கசக்கிப் பாக்கச் சொல்லுங்க!"

அவர் சொன்னார். அவள் கசக்கினாள். மேசையில் இருந்த தேத்தண்ணீரை எடுத்து என் சாரனில் ஊற்றினாள்.  அதோடும் விடவில்லை. பல்கனிக்குக் கொண்டுபோய்ச் சுவரில் போட்டுத் தேய்த்தாள். இரவு பகலாக மிதித்து நெய்தவர்களின் கால்கள் என் கண்ணில் வந்தன. ஆனாலும் வியாபாரி வாயை மூடலாமா? சோதிக்கிறாள் என்று நினைத்து, நான் போய்ச் சவர்க்காரம் கேட்டு வாங்கி, அவளுக்கு முன்னாலேயே கழுவிப் பிழிந்து உதறிக் காட்டினேன்.

"பாருங்க நோனா! ஒரு சொட்டுச் சாயம் போகல்ல! உங்கட பேரப்பிள்ளை கட்டினாலும் போகாது!"

கந்தையா அண்ணன் மொழிபெயர்த்தார். நோனா தலையில் கை வைத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் புகழப் புகழ அவள் முகம் வாடியது. அவள் முகம் வாட வாட நான் இன்னும் புகழ்ந்தேன். கடைசியில் எழுந்து, நாளைக்கு ஊருக்குப் போகலாம் என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டாள். அது மட்டும் மொழிபெயர்க்காமலே விளங்கியது.

அன்று பாணும் இறங்கவில்லை. ஹாஜியாரிடம் என்ன சொல்வது? நல்ல துணியை நல்ல துணி என்று சொன்னேன், அதனால் ஓடர் போய்விட்டது என்றா? நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுதேன்.

கதவைத் தட்டினாள்

விடிந்ததும் யாரோ கதவைத் தட்டினார்கள். கந்தையா அண்ணன்தான் தேத்தண்ணீரோடு வருகிறார் என்று நினைத்து, படுத்த கோலத்திலேயே பெனியனும் பழைய சாரனுமாகத் திறந்தேன். அந்தச் சாரன் ஒரு காலத்தில் நீலம். வெயிலிலும் கிணற்றடியிலும் வெளுத்து இன்ன நிறம் என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்திருந்தது. உட்காருகிற இடம் கிழிந்து, என் மனைவி சுபைதா வேறு துணியில் நான்கு மூலை ஒட்டுப் போட்டிருந்தாள். வீட்டோடு கட்டுகிற சாரன். எவர் கண்ணிலும் படக்கூடாது என்று ஒளித்துக் கொண்டுவந்தது.

கதவுக்கு வெளியே உடுப்பு நோனா. நான் அவளிடம் விட்டுவிட்டு வந்த பட்டுக்கரைச் சாரனைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். என்னைக் கண்டாள், கையிலிருந்ததைக் கீழே போட்டாள், கத்தினாள். இப்படிப்பட்ட ஹோட்டலில் இந்தக் கந்தலோடு நிற்கிறாயா என்று ஏசுகிறாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி என் சாரனின் ஓரத்தைப் பிடித்துவிட்டாள்!

"அல்லாஹ்வே!" என்று இடுப்பு முடிச்சை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். அவள் விடவில்லை. என்னைச் சுற்றித் திருப்பினாள். ஒட்டைப் பார்த்து இன்னொரு கத்தல். பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. கமராக்காரர் வந்தார். இன்னும் யார் யாரோ வந்தார்கள். கடைசியில் பட்டு மேலங்கியோடு ஒரு பெண் வந்தாள். அத்தனை பேரும் வழிவிட்டார்கள். மாடிப்படியில் ஆக மேலே தொங்குகிற அதே முகம். ஊர் உலகம் பார்க்கத் தவம் கிடக்கிற நடிகை, குனிந்து என் பின்பக்கத்து ஒட்டைப் பார்த்துச் சிரித்தாள். வெட்கத்தில் என் உயிர் பாதி போய்விட்டது.

தட்டோடு வந்த கந்தையா அண்ணன் இரண்டு பக்கமும் கேட்டார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"தம்பி, உன்ர புதுசு ஒண்டும் வேணாமாம். இதுதான் வேணுமாம். இதப்போல நூத்தைம்பது."

"இதையா? இது நான் படுக்கிற சாரன் அண்ணன்!"

"அதான்டாப்பா. படத்துல வாறது ஏழை மீன்காரர். புதுச் சாரனக் கட்டிக்கொண்டு ஆராவது கடலுக்குப் போவானா? காசு புதுசுக்குத் தாறதவிடக் கூடத் தாறாவாம்."

சூரியன் கடலுக்குள் இறங்குகிற ஊரில் நான் இரண்டு நாளாக முதுகைத் திருப்பிக்கொண்டு வியாபாரம் செய்திருக்கிறேன். மாதிரிக்கு அந்தச் சாரனையே வாங்கி வைத்துக்கொண்டாள்.

பழசுக்குப் புதுசு

"பழசா?" என்றார் ஹாஜியார். "பழச எப்பிடிடா நெய்யிற?" தாடியைத் தடவினார். பிறகு, "ஊர்ல இல்லாத பழசா!" என்றார். நூற்றைம்பது புதுச் சாரன் நெய்வது, மீன்காரர்களுக்குக் கொடுத்துப் பழசை வாங்குவது. அன்றைக்கே எல்லாத் தறியும் ஓடத் தொடங்கியது.

முதல் கட்டு இறங்கியதும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போனோம். ஒருவரும் கிட்ட வரவில்லை. தோணிக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "புதுசத் தந்துட்டு உடுத்த பழசக் கேக்கிறயெண்டா, சூனியம் வைக்கத்தானே?"

ஹாஜியார் வண்டிக்குப் பின்னால் போய்த் தன் பழைய சாரனை மாற்றிக்கொண்டு வந்து, அதை வண்டியில் போட்டார். "இந்தா, எண்ட சாரன். வைக்கிறவன் மொதல் எனக்கு வைக்கட்டும்." அதன் பிறகு வந்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். வீட்டுப் பெண்கள் வெட்கப்பட்டு, பழசைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரிப் பெட்டி தேய்த்துக் கொடுத்து அனுப்பினார்கள். கழுவாதீங்க உம்மா, கழுவாதீங்க என்று நான் வாசல் வாசலாகக் கெஞ்சித் திரிந்தேன்.

என் வீட்டில் வேறு சண்டை. "வெள்ளைக்காரிட்டக் கழட்டிக் குடுத்துட்டா வந்திரிக்கீங்க?" என்றாள் சுபைதா. கோபம் தணிந்ததும் பயம் வந்தது. "நான் தைச்ச ஒட்டு அதில இரிக்கி. அதக் கட்டுறவன் நல்லா இருக்கணும். அவனுக்கு ஒரு பலாய் வந்தா அது நமக்கும் வந்த மாதிரித்தான்."

சாமான் கொழும்பு போனது. அந்தப் பெருநாள் தொழுகையில் சாய்ந்தமருதுக் கரையில் வரிசை வரிசையாக ஒரே கட்டம் போட்ட புதுச் சாரன். சந்தோஷத்தில் நான் எல்லோரையும்விட உரக்க அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னேன். தம்பிமாரே, நுணுக்கம் என்று கேட்டால் இதுதான். வாயைத் திறக்குமுன், போன இடத்தில் கடல் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

வெகு நாள் கழித்து அந்தப் படம் எங்கள் பக்கத்துக்கு வந்தது. பகல் காட்சிக்குத் தறிக்காரரும் மீன்காரருமாகப் போனோம். நடிகையை ஒருவரும் பார்க்கவில்லை. "அந்தா எண்ட சாரன்!" "இந்தா எங்கட மூத்த காக்காட சாரன்!" என்று ஒரே கூச்சல். என் சாரன் மட்டும் வரவேயில்லை. கடைசியில் புயல் அடித்தது, தோணி கவிழ்ந்தது, விடிந்ததும் கரையில் ஒரு மையித்து, செத்துப்போன ஒரு மீன்காரன், ஒதுங்கிக் கிடந்தது. கூச்சல் நின்றுவிட்டது. கடலுக்குப் போகிறவர்கள் நிறைந்த கொட்டகையில் ஒரு செருமல்கூட இல்லை. நான் அதன் சாரனில் இருந்த சுபைதாவின் ஒட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

வீட்டு வாசலில் சுபைதா நின்றாள். "நம்மட சாரன் வந்ததா?"

"ஓம், வந்தது."

"கட்டினவன் நல்லா இருந்தானா?"

"நல்லா இருந்தான். நீ வச்ச ஒட்டு நாலு மூலையும் அப்பிடியே விளங்கிச்சு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஒட்டின் நாலு மூலையும் விளங்க வேண்டுமானால் கட்டினவன் குப்புறக் கிடக்க வேண்டும் என்பதை அவள் யோசிக்கவில்லை. நானும் இன்றுவரை சொல்லவில்லை.