நிலவறைக்குள் ஒண்டிக்கடை

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் என் காப்பித் தம்ளர் மேசைமேல் தானாக நகர ஆரம்பித்துவிடும். முதல் தடவை பூமி அதிர்கிறது என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன். பனியைத் தள்ளிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் கையசைத்தார். நானும் கையசைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவரிடம் கேட்க எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அதிர்ந்தது பூமி இல்லை. இந்த ஊர் வீடுகளுக்கு அடியில் இன்னொரு வீடு இருக்கிறது, பேஸ்மென்ட் என்கிறார்கள். நிலவறை. அங்கே என் மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் கிதாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தப் பாட்டே அழுகைதான். நான்கு பேருக்கும் ஐம்பதை நெருங்குகிற வயது. ஒருவருக்கு முழு வழுக்கை, இன்னொருவர் முழங்காலுக்குப் பட்டை மாட்டியிருப்பார். காலணியை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்து, எனக்கு ‘ஹாய் அம்மா’ சொல்லி, படியிறங்கிப் போய், காலேஜில் படிக்கும்போது விட்டுப்போன பெண்ணை நினைத்துத் தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்தப் பெண்ணுக்கும் இந்நேரம் மூட்டுவலி வந்திருக்கும். அதை யாராவது யோசித்தார்களா?

நான் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் கூலிக்காரர் லைன் வீட்டில் பிறந்து, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்காரர் அதே எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வருகை, காப்பி நிறுவை எல்லாம் எழுதுகிற வேலை. சேர்வராயன் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த ஒரே பையனுக்குச் சேர்வராயன் என்றே பெயர் வைத்தோம். இங்கே அவனை ‘ரே’ என்கிறார்கள். இல்லினாய்க்குப் படிக்க வந்தவன் இங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டான். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டான். வீட்டுக்காரர் போன பிறகு, மூன்று வருஷத்துக்கு முன் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தான். இந்தச் சீமையில் மலை இல்லை. மலை என்ன, ஒரு மேடு இல்லை. காரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை போனாலும் ரோடு ஒரே நேர்கோடு, இரண்டு பக்கமும் சோளம். குப்பனூர் வழியாக ஏறுகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தவள் நான். இங்கே வாந்தி வருவதில்லை, தூக்கம்தான் வருகிறது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டேன்.

“நீங்க பாடறதுக்குப் பேரென்ன சாமி?”

“இண்டி ராக்கும்மா.”

“உன் கூட்டாளி டேவு இமோன்னாரே?”

கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டான். “இமோ இல்லம்மா. எவன் கேட்டாலும் எங்கள இமோன்னு மட்டும் சொல்லிப்புடாத.”

“நான் யார்கிட்டடா போய்ச் சொல்லப் போறேன்?”

அதன்பிறகு சோறு ஆறிப்போகிற வரைக்கும் விளக்கினான். இவர்களுடைய தலைநகரத்தில், ஒரு காலத்தில், பையன்கள் கவர்ன்மென்டையும் போலீசையும் திட்டி வேகவேகமாகக் கத்திக்கொண்டிருந்தார்களாம். திட்டித் திட்டி அலுத்துப்போய், அதில் சில பேர் தங்கள் மனசுக்குள் இருப்பதைப் பாட ஆரம்பித்தார்கள். மேடையிலேயே அழுதார்கள். பார்த்தவர்கள், உணர்ச்சியைக் கொட்டுகிறவர்கள் என்று கேலியாக வைத்த பெயர்தான் இமோ. பெயர் வாங்கினவர்களுக்குக் கோபம், நாங்கள் அது இல்லை என்று. அன்றைக்கு ஆரம்பித்த மறுப்பு, இன்றைக்கு என் மகன் வரை வந்திருக்கிறது. பிறகு அந்தப் பாட்டு இந்தச் சோளக்காட்டுப் பக்கம் வந்தது. காலேஜ் பையன்களைச் சாராயக்கடை மேடையில் ஏற்றமாட்டார்கள், மண்டபம் பிடிக்கக் காசு கிடையாது. அதனால் வாடகை வீட்டு நிலவறையில் பாடினார்கள். ஒரு பழைய வேனில் ஊர் ஊராகப் போய், யார் வீட்டுத் தரையிலாவது படுத்துக்கொண்டார்கள். பெரிய கம்பெனி வாசலை மிதிக்காமல் தங்கள் ரெக்கார்டைத் தாங்களே போட்டு, மேலட்டையைத் தாங்களே ஒட்டி விற்றார்கள். அதுதான் இண்டி.

இது மட்டும் எனக்கு விளங்கியது. நம் மலையில் ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர் காப்பியைக் கம்பெனிக்குப் போடாமல் தானே காயவைத்து, தானே வறுத்து, ரோட்டோரம் விற்பதில்லையா, அப்படி. ஆனால் அவர்கள் யாரும் அழுது விற்று நான் பார்த்ததில்லை. எங்கள் லைனில் அழுகை வந்தால் நாலு பேர் கேட்க வாசலில் உட்கார்ந்து அழுவோம். மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போவோம். இவர்கள் பூமிக்கடியில் போய் அழுகிறார்கள். அதற்குக் கதவு சாத்தி டிக்கெட் வேறு.

டிரம் அடிக்கிற டேவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு மகனோடு அவரும் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, “ஏனுங்க” என்றார். வெள்ளைக்காரர் வாயிலிருந்து நம் ஊர்ப் பேச்சு! “சொல்லுங்க” என்று நின்றேன். அவர் சிரித்தார். நான் காத்திருந்தேன். ஏனுங்க என்று கூப்பிட்டால் அடுத்து எதையாவது கேட்க வேண்டும் அல்லவா? அவர் மறுபடியும் “ஏனுங்க” என்று கும்பிட்டார். அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஒரு வார்த்தை. வாசலில் என்னை நிறுத்திவைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடுவார். மகன் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று நினைத்திருந்தேன்.

போன மாசம்தான் உண்மை தெரிந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இவர்கள் போட்ட ரெக்கார்டை மறுபடி போடப் போகிறார்கள், அதற்கு ஒரு கச்சேரியும் உண்டு என்று வீடே அமளிப்பட்டது. நான் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து பாட்டு வந்தது. பாட்டு நடுவில் நின்றது. ஒரு பொம்பிளை பேசினாள்.

“ஏனுங்க… நான் ஏர்காட்டுல இருந்து பேசறனுங்க. எம்பையன் ஊட்ல இருந்தாக் கொஞ்சம் கூப்புடுங்க. நொம்ப நேரம் நிக்கமுடியாதுங்க.”

சேலத்துக்காரி யாரோ வந்திருக்கிறாள் என்று ஆசையாக இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது படியில் கால் நின்றது. அது நான்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. பையன் லீவுக்கு வருவேன் என்று எழுதியிருந்தான். வருகிறானா என்று அவன் அப்பாவுக்குத் தெரிய வேண்டும். அதுவரை எங்களுக்குள் கடுதாசிதான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் டெலிபோன் பூத்துக்குப் போனோம். காலை நேரம், குளிர், எதிரில் பஸ் நிற்கிற இடம் தெரியாத மாதிரி மூட்டம். பூத்துக்காரர் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் ஓர் ஆம்பிளை இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொன்னார். ஒரு சத்தம் கேட்டது. பிறகு அமைதி. மகன் குடியிருக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரத் துரை எடுத்திருக்கிறார், நான் சொல்வதைக் கேட்கக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். எஸ்டேட்டில் துரையிடம் எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேசினேன். அவர் பதிலே சொல்லவில்லை.

துரையும் இல்லை, யாரும் இல்லை. ஆள் இல்லாதபோது பேசுவதைப் பிடித்து வைக்கிற மெஷின். அதில் இங்கிலீஷ் பேசியது என் மகன். பெற்ற பிள்ளையின் குரலைத் தெரியாமல் அவனுக்கே ‘ங்க’ போட்டு, அவனிடமே அவனைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கூத்தைப் பாட்டில் வைத்து ஊரெல்லாம் விற்றிருக்கிறான். ரேஷன் கடை வரிசையில் கூட வாய்திறக்காதவள் நான். ஆயிரம் பேர் படுக்கையறையிலும் காரிலும் என் குரல் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

“என்னைக் கேக்காம எப்புட்ரா போட்ட?”

“சின்ன வயசும்மா. தப்புத்தான்.”

“எடுத்துப்போடு. புதுசா வர்றதுல என் பேச்சு இருக்கக் கூடாது.”

“சரிம்மா. எடுத்தர்றேன்.”

எதிர்த்துப் பேசியிருந்தால் ரெண்டு வார்த்தை திட்டியாவது இருப்பேன். சரி என்றுவிட்டு முகத்தை அப்படி வைத்துக்கொண்டால் என்ன செய்வது? அதுவும் போதாதென்று டேவ் மேலே வந்தார். என் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கண் கலங்க நெடுநேரம் பேசினார்.

“என்னங்கறாருடா?”

“அவங்கம்மா செத்தப்ப உன் குரலத்தான் தெனமும் கேட்டாராம். சாமி மந்திரம்னு நெனச்சிட்டிருந்தாராம்.”

“மந்திரமா? எம்பையன் இருந்தாக் கூப்புடச் சொன்னேன்னு சொல்லு.”

சொன்னான். டேவ் முன்னைவிட அதிகமாக அழுதார். இவர்களிடம் எதைச் சொன்னாலும் இதே தொல்லை.

மறுநாள் மகன் ஒரு சின்ன கேசட்டையும் அதைப் போடுகிற பெட்டியையும் எடுத்துவந்தான். “பாட்டுல போட்டது கொஞ்சந்தாம்மா. முழுசும் கேட்டுட்டு முடிவு பண்ணு” என்றான்.

முதலில் என் மூச்சுதான் கேட்டது. பின்னால் பஸ் ஹாரன். பூத்துக்காரர், “பேசுங்கம்மா, ஓடுது” என்றார். நான் துரையைக் கூப்பிட்டேன், கெஞ்சினேன். பிறகு ஓர் ஆம்பிளைக் குரல்.

“குடு இங்க. தொரைகிட்ட உனக்குப் பேசத் தெரியாது.”

அவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார். “குட்மார்னிங் சார். மை சன், சார். டெம்பிள் ஃபெஸ்டிவல், சார். ப்ளீஸ் டெல், சார். தேங்க்யூ சார்.” கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு மெதுவாக, “சார்?” அதோடு கேசட் நின்றுவிட்டது.

அவர் பேச ஆரம்பிக்கும் முன் தலையில் சுற்றியிருந்த மஃப்ளரை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அது கேசட்டில் தெரியாது. எனக்குத் தெரியும்.

வீட்டில் அவருடைய போட்டோ நாலைந்து உண்டு. குரல் எங்கேயும் இல்லை என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமாக இவன் பீரோவில் இருந்திருக்கிறது. அந்தத் திருவிழாவுக்கு அவன் வரவில்லை. வேனில் பாடப் போய்விட்டு, திரும்பிவந்து மெஷினைத் தட்டும்போது சாமி புறப்பாடெல்லாம் முடிந்திருந்ததாம்.

“அப்பா பேசுனத ஏன் பாட்டுல போடல?” என்றேன்.

“எப்புடிம்மா போடுவேன்? என்னையப் போய் சார்னு…” கீழே இறங்கிப் போகவில்லை. சமையலறையிலேயே, கிதார் இல்லாமல், என் எதிரில் உட்கார்ந்து அழுதான்.

நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே இன்னொரு தடவை துடைத்தேன். பிறகு சொன்னேன்: “என்னுத வெச்சுக்க. கேக்கறவிய கேட்டுட்டுப் போகட்டும். அப்பாவுது நம்ம ஊட்டோட இருக்கட்டும், சாமி. டேவு கேட்டாலும் குடுக்காத.”

கச்சேரிக்கு நானும் போனேன். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்து, கடைசிச் சுவர் ஓரம் நாற்காலி போட்டிருந்தார்கள். கால் மரத்துப்போகவே எழுந்து வழியில் நின்றேன். மண்டபம் முழுக்க நரைத்த தலைகள். அந்தப் பாட்டு வந்தது, நடுவில் நின்றது. நான் பேச ஆரம்பித்தேன். கூட்டமும் என்னோடு சேர்ந்து பேசியது. “ஏனுங்க” வரை ஒழுங்காக வந்தது. மிச்சத்தை அத்தனை பேரும் சேர்ந்து கொலை செய்தார்கள். மேடையேறித் திருத்தலாமா என்று எனக்கே ஓர் ஆத்திரம் வந்து அடங்கியது.

அப்போது எனக்குப் பின்னால், என் பேச்சோடு பதிந்திருந்த ஒண்டிக்கடை பஸ் ஹாரன் அடித்தது. கைப்பையை மாரோடு இழுத்துக்கொண்டு சட்டென்று சுவரோரம் ஒதுங்கினேன். அவ்வளவு கூட்டத்தில் வேறு யாரும் நகரவில்லை. பஸ் வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அது கடந்து போகிற நேரம் வரைக்கும் ஒதுங்கியே நின்றேன்.